தோப்பா, காடா? பறவைகளை எண்ணித் தெரிந்துகொள்வது எப்படி: மதுரைப் பக்கத்துப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மதுரையைச் சுற்றி மரம் நடும் குழுக்கள் பெருகிவிட்டன. கண்மாய்க்கரை, பள்ளிக்கூட வளாகம், மலையடிவாரம் என்று எங்கே பார்த்தாலும் கன்று வைக்கிறார்கள். நாலைந்து வருஷத்தில் மரம் தலைக்கு மேல் வளர்ந்து நிழல் விழுந்ததும் அங்கே "குறுங்காடு" என்று பலகை ஏறிவிடுகிறது. அது காடாகிவிட்டதா, இன்னும் தோப்பாகத்தான் இருக்கிறதா என்பதைப் பறவைகளைக் கேட்டால் தெரிந்துவிடும். கேட்பதற்கு ஒரு முறை உண்டு. அந்த முறையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

பறவை பார்த்தே பழக்கமில்லாதவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஒரு பைனாகுலர், ஒரு நோட்டு, விடிகாலையில் எழுந்திருக்கும் மனசு இருந்தால் போதும். ஒரு தோப்பையும் ஒரு காட்டையும் ஒரே மாதிரி எண்ணி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போகிறோம்.

படி 1: எதை எதோடு ஒப்பிடுவது?

முதலில் நம்ம ஊர் இயற்கைக் காடு எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். காடு என்றதும் பலருக்கு கொடைக்கானல்தான் ஞாபகத்துக்கு வருகிறது. மதுரைச் சமவெளியின் காடு வேறு. உசில், வெள்வேல், குடைவேல், கிளுவை, வெப்பாலை, ஆத்தி, வாகை, ஒதிய மரம், அதற்குக் கீழே காரை, சூரை, இலந்தை, விராலி, கள்ளி, இடையில் பாறை, பாறை இடுக்கில் கல்லிச்சி. கோடையில் பாதி மரம் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும். பார்க்கிறவர்களுக்குப் பொட்டல் மாதிரி தோன்றும். அதுதான் இந்த மண்ணின் காடு. அழகர்மலையின் சரிவுகள், சிறுமலையின் கீழ்ச்சரிவு, நாகமலையின் முள்புதர், இடையபட்டி வெள்ளிமலைக் கோயில்காட்டு உசில் மரங்கள் எல்லாம் இதில் சேர்த்தி. சிறுமலையில் மேலே ஏற ஏற ஈரம் கூடி, மரங்களும் மாறிவிடும்.

தோப்பு என்று நான் சொல்வது, மனிதர் வரிசை பிடித்து நட்ட மரக்கூட்டம். தைலமரம், சவுக்கு, தேக்கு, தென்னை, மா, சில்வர் ஓக் நிழலில் காப்பி, இவை எல்லாமே தோப்புதான். ஆனால் எல்லாம் ஒன்று போல இல்லை. அதைப் பின்னால் பார்ப்போம்.

ஜோடி சேர்க்கும்போது மண்ணும் உயரமும் மழையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும் இரண்டு இடங்களை எடுங்கள். அழகர்கோவில் அடிவாரத்து மாந்தோப்பையும், பழமுதிர்ச்சோலைக்கு ஏறும் சாலையோரக் காட்டையும் ஒப்பிடலாம். சிறுமலையில் மேலே உள்ள காப்பித் தோட்டத்தையும் அதே உயரத்தில் மிச்சமிருக்கும் காட்டையும் ஒப்பிடலாம். மேலூருக்குக் கிழக்கே சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் போனால் தைலமரம் ஏக்கர் கணக்கில் நிற்கும். அங்கேயே பக்கத்தில் ஒரு கோயில்காடோ புதர்க்காடோ கிடைத்தால் நல்ல ஜோடி. வாடிப்பட்டித் தென்னந்தோப்பை கொடைக்கானல் சோலையோடு, அதாவது உயர்மலை ஈரக்காட்டோடு, ஒப்பிட்டால் மட்டும் எதுவும் தெரியாது. அங்கே பறவைகள் மாறுவதற்கு உயரமும் குளிரும் காரணமாகிவிடும்.

படி 2: அனுமதி, நேரம், சாமான்

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். மாவட்ட வன அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள், அல்லது பொதுச் சாலையை விட்டு இறங்காதீர்கள். தொடக்கத்துக்குச் சாலையோரமே போதும். தனியார் தோப்பு என்றால் உரிமையாளரிடமோ காவலுக்கு இருப்பவரிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். சிறுமலையில் காட்டுமாடு உண்டு, தனியாகப் போக வேண்டாம்.

சூரியன் உதித்ததிலிருந்து இரண்டரை மணி நேரம்தான் கணக்கு. அதற்கு அப்புறம் மதுரை வெயிலில் பறவை வாயைத் திறக்காது. அக்டோபர் முதல் மார்ச் வரை வலசை வரும் பறவைகளும் சேர்ந்திருக்கும். ஏப்ரலுக்கு மேல் ஊர்ப்பறவைகள் மட்டும் மிஞ்சும், அப்போதுதான் கூடு எங்கே கட்டுகின்றன என்பது தெரியும். இரண்டு பருவத்திலும் பார்ப்பது நல்லது.

பைனாகுலர் 8x42 வாங்குங்கள். பத்து மடங்குப் பெரிதாக்குவது என்று சொல்லி விற்பார்கள், கை நடுங்கும்போது படமும் நடுங்கும். புதியவர்களுக்கு எட்டே வசதி. உடுப்பு மங்கலான நிறத்தில் இருக்கட்டும்.

படி 3: முதலில் காதைப் பழக்குங்கள்

காட்டில் பாதிக்கு மேல் காதால்தான் எண்ணப் போகிறீர்கள். எனவே வீட்டைச் சுற்றியே தொடங்குங்கள். தவிட்டுக்குருவி, கொண்டைக்குருவி என்கிற சின்னான், தேன்சிட்டு, தையல்சிட்டு, செம்போத்து, குயில், கரிச்சான், மைனா, பச்சைக்கிளி, வால்காக்கை, செம்மார்புக் குக்குறுவான், மாங்குயில், மாம்பழச்சிட்டு, பஞ்சுருட்டான், கதிர்க்குருவி, கவுதாரி, அக்காக்குருவி. இவற்றின் குரலை முகம் பார்க்காமலே சொல்ல முடிந்தால், எண்ணக் கிளம்பலாம்.

குரல் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலி போனில் கிடைக்கிறது. உதவிக்கு வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பை அதனிடம் விடாதீர்கள். கரிச்சான் மற்ற பறவைகள் போலக் குரல் கொடுக்கும், செயலி ஏமாந்துவிடும். கண்ணால் பார்த்தோ, காதுக்குச் சந்தேகமில்லாமலோ தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். தெரியாத பறவைக்குத் "தெரியாதது 1" என்று போட்டு அடையாளம் குறித்துக்கொள்ளலாம், தப்பில்லை.

ஆடு மேய்ப்பவர்களிடம் பேசுங்கள். "அண்ணே, இந்தப் பக்கம் கவுதாரி கத்துமா? முந்தி எங்க கத்தும், இப்ப எங்க கத்துது?" என்று கேட்டால் அவர்கள் சொல்கிற பதிலில் ஒரு இருபது வருஷத்து மாற்றம் இருக்கும். நம்முடைய நோட்டு நேற்று தொடங்கியது. அவர்களுடைய கணக்கு அதற்கு ரொம்ப முந்தையது.

படி 4: எண்ணும் முறை

இதற்குப் புள்ளிக் கணக்கெடுப்பு என்று பெயர். செய்வது எளிது, ஒழுங்கு மட்டும் தவறக் கூடாது.

தோப்பில் ஐந்து புள்ளி, காட்டில் ஐந்து புள்ளி தேர்ந்தெடுங்கள். ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் குறைந்தது 200 மீட்டர் இடைவெளி. இல்லையென்றால் அதே செம்போத்தை இரண்டு தடவை எண்ணிவிடுவீர்கள். ஓரத்திலிருந்து முடிந்த அளவு உள்ளே தள்ளி இருக்கட்டும், ஏனென்றால் ஓரத்தில் வயல்காட்டுப் பறவைகளும் கலந்துவிடும். சாலையோரமாகவே எண்ணுகிறீர்கள் என்றால் இரண்டு இடத்திலும் சாலையோரமாகவே எண்ணுங்கள்.

புள்ளிக்குப் போய்ச் சேர்ந்ததும் இரண்டு நிமிஷம் சும்மா நில்லுங்கள். நீங்கள் வந்த சத்தத்தில் அடங்கிய பறவைகள் மறுபடி வாய் திறக்கட்டும். பிறகு பத்து நிமிஷம். உங்களைச் சுற்றி 50 மீட்டருக்குள் பார்த்தது, கேட்டது எல்லாம் எழுத வேண்டும். மேலே பறந்து கடந்துபோகிற கொக்கும் காக்கையும் தனிக் கட்டத்தில் போகட்டும், அவை அந்த மரங்களைப் பயன்படுத்தவில்லை. 50 மீட்டர் எவ்வளவு தூரம் என்று கண்ணுக்குப் பழக, முதல் நாள் காலடியால் அளந்து ஒரு மரத்தை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் தோப்பை முதலில் எண்ணினால் அடுத்த வாரம் காட்டை முதலில் எண்ணுங்கள். எப்போதும் ஒன்றையே ஆறு மணிக்கும் இன்னொன்றை எட்டரைக்கும் எண்ணினால் நேரத்தின் வித்தியாசத்தை இடத்தின் வித்தியாசம் என்று எடுத்துக்கொள்வீர்கள். மழை, பலத்த காற்று இருந்தால் திரும்பிவிடுங்கள். பறவைக் குரலை போனில் ஒலிக்கவிட்டு வரவழைக்கவே கூடாது. குஞ்சு பொரிக்கும் நேரத்தில் தாய்ப்பறவை கூட்டை விட்டு எதிரியைத் தேடி அலைவதற்கு அது காரணமாகும்.

ஒரு எச்சரிக்கை: சவுக்குத் தோப்பிலும் தைலமரத் தோப்பிலும் அடி வெறுமையாக இருப்பதால் இருக்கிற பறவை எல்லாம் கண்ணில் படும். சூரைப்புதரும் காரையும் மண்டிய காட்டில் பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கும் குருவிகூடத் தெரியாது. ஆகவே நம்முடைய எண்ணிக்கை தோப்புக்குச் சாதகமாகவே சாயும். இதைச் சரிக்கட்டக் காதைத்தான் நம்ப வேண்டும், பலமுறை போக வேண்டும். ஒரே காலையில் எடுத்த கணக்கை வைத்து யாரிடமும் வாதம் செய்யாதீர்கள்.

பட்டியலைப் பறவைக் கணக்குகளைச் சேர்த்து வைக்கும் இபேர்ட் இணையதளத்தில் ஏற்றிவிட்டால் மற்றவர்களுக்கும் பயன்படும். 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கலை ஒட்டிப் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, முதல் தடவை எண்ணுகிறவர்கள் அதில் சேர்ந்துகொண்டால் பழகிய கண்களோடு நடக்க வாய்ப்புக் கிடைக்கும்.

படி 5: பறவையை மட்டும் எழுதாதீர்கள், தரையையும் எழுதுங்கள்

பெரும்பாலானவர்கள் இந்தப் படியை விட்டுவிடுகிறார்கள். விட்டால் எண்ணிக்கை மட்டும் கையில் இருக்கும், காரணம் தெரியாது. ஒவ்வொரு புள்ளியிலும் ஐந்து விஷயம் குறியுங்கள்: எத்தனை வகை மரம், புதர் உண்டா, தரையில் சருகு எப்படி, காய்ந்த மரமும் பொந்தும் உண்டா, இப்போது பூவோ பழமோ எதில் இருக்கிறது.

சருகை எடுத்துக்கொள்வோம். குளிர்காலத்தில் ஆறுமணிக்குருவி நம்ம பக்கம் வருகிறது. காலையிலும் மாலையிலும் இரட்டை விசில் போலக் கூப்பிடும். அது சாப்பிடுவதைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். சருகுக்கு நடுவே குதித்துக் குதித்து நகரும், அலகால் ஒரு இலையைப் புரட்டிப் போடும், தலையைச் சாய்த்து நிற்கும், அடியிலிருந்து ஒரு புழுவை இழுக்கும். இதற்கு ஈரமான, மக்கிப்போகிற, பல மரத்து இலைகள் கலந்த சருகு வேண்டும். தைலமர இலை அவ்வளவு சீக்கிரம் மக்காது, அதில் எண்ணெய் இருக்கிறது, நம்ம ஊர்ப் பூச்சிகளில் பெரும்பாலானவை அதைத் தொடுவதில்லை. சவுக்கு ஊசி பாய் விரித்த மாதிரி தரையை மூடிவிடும். அங்கே அந்தக் குருவி புரட்டுவதற்கு ஒன்றும் கிடைக்காது. மாந்தோப்பிலும் சருகு சேர்ந்து, ஓரத்தில் புதர் இருந்தால் வரும். தோப்பைக் கூட்டிப் பெருக்கிச் சருகை எரித்துவிட்டால் வராது.

அடுத்தது பொந்து. பச்சைக்கிளி, மைனா, புள்ளி ஆந்தை, பனங்காடை இவற்றுக்குத் தாமாகப் பொந்து தோண்டத் தெரியாது. மரங்கொத்தி தோண்டி விட்டுப்போனதிலோ, கிளை முறிந்து உளுத்த இடத்திலோதான் குடித்தனம். செம்மார்புக் குக்குறுவான் தானே தோண்டும், ஆனால் அதன் அலகுக்கு உளுத்த, மெத்தென்ற கட்டை வேண்டும். காய்ந்த முருங்கைக் கிளையின் அடிப்பக்கத்தில் காசு அளவில் வட்டமாக ஓட்டை தெரிந்தால் அது குக்குறுவான் வேலை. அடிப்பக்கத்தில் தோண்டுவதால் மழை உள்ளே இறங்காது. இப்படிப்பட்ட கட்டை உருவாக மரத்துக்கு வயசாக வேண்டும். சவுக்கை மூன்று நான்கு வருஷத்திலும் தைலமரத்தை அதற்குக் கொஞ்சம் கூடுதலாகவும் வைத்து வெட்டிவிடுகிறார்கள். தைலமரம் வெட்டிய அடிக்கட்டையிலிருந்தே துளிர்த்து வரும், மறுபடி அதே வயசில் வெட்டுவார்கள். மரம் கிழடாகிப் பொந்து விழுவதற்கு அங்கே இடமே இல்லை.

மொட்டைப் பனையைச் சொல்லாமல் விடக் கூடாது. தலை போன பனைமரத்தின் உச்சியில் பனங்காடையும் கிளியும் முட்டையிடும். உயிரோடு இருக்கும் பனையில், கீழே தொங்கும் காய்ந்த ஓலையில் பனை உழவாரன் தன் எச்சிலால் இறகை ஒட்டிக் கூடு வைக்கும். "சும்மா நிக்குது" என்று அந்தக் காய்ந்த பனையைச் சாய்த்துவிட்டு அதே இடத்தில் பத்துக் கன்று நடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பத்துக் கன்றும் ஒரு பனங்காடைக்கு இடம் கொடுக்க எத்தனையோ பத்தாண்டுகள் ஆகும்.

பழம். ஆல், அரசு, அத்தி, இச்சி எல்லாம் ஒரே சமயத்தில் பழுப்பதில்லை. ஒவ்வொரு மரத்துக்கும் அதன் அதன் காலம். ஒரு வட்டாரத்தில் இந்த மரங்கள் ஏழெட்டு இருந்தாலே வருஷத்தின் பெரும்பகுதி ஏதாவது ஒன்றில் பழம் இருக்கும். பச்சைப்புறா, குக்குறுவான், குயில், மைனா, மாங்குயில் எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன. ஒரே இன மரத்தோப்பில் பழம் இருந்தால் எல்லாம் ஒன்றாக இருக்கும், இல்லையென்றால் ஒன்றுமே இருக்காது.

புல்லுருவியையும் குறித்துக்கொள்ளுங்கள். மாமரத்திலும் வேம்பிலும் ஒட்டி வளரும் அதை விவசாயிகள் வெட்டி எறிவார்கள், மகசூல் குறையும் என்கிற அவர்கள் கவலை நியாயமானதுதான். பூக்கொத்தி என்கிற கட்டைவிரல் அளவுக் குருவிக்குப் புல்லுருவிப் பழம்தான் முக்கியச் சாப்பாடு. பழத்தை விழுங்கும், வழவழப்பான விதை பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும், கிளையில் உட்கார்ந்து தேய்த்து விதையை ஒட்டிவிட்டுப் போகும். காட்டில் இது தானாக நடக்கிறது. தோப்பில் ஓரமாக ஒரு பழைய மரத்திலாவது விட்டுவைக்கலாம்.

படி 6: கணக்குப் பார்ப்பது

இப்போது உங்களிடம் இரண்டு பட்டியல் இருக்கிறது. எல்லோரும் முதலில் செய்வது மொத்தத்தைக் கூட்டுவது. உதாரணத்துக்கு தோப்பில் 18 இனம், காட்டில் 21 இனம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். "பெரிய வித்தியாசம் இல்லையே, தோப்பும் பரவாயில்லை" என்று தோன்றும். அங்கே நின்றுவிடாதீர்கள்.

மூன்று கட்டம் போடுங்கள்: இரண்டிலும் இருப்பவை, தோப்பில் மட்டும் இருப்பவை, காட்டில் மட்டும் இருப்பவை. முதல் கட்டத்தில் மைனா, தவிட்டுக்குருவி, சின்னான், தேன்சிட்டு, கரிச்சான், காக்கை, மயில் வந்து நிற்கும். இவை எங்கேயும் பிழைத்துக்கொள்ளும். தோப்பில் மட்டும் என்பதில் பெரும்பாலும் வயல்வெளிப் பறவைகள் இருக்கும். காட்டில் மட்டும் என்கிற மூன்றாவது கட்டத்தை மெதுவாகப் படியுங்கள். மரங்கொத்தி, ஆறுமணிக்குருவி, அரசவால் ஈப்பிடிப்பான், பச்சைப்புறா, புதருக்குள்ளேயே திரிகிற சிலம்பன்கள், தரையில் முட்டையிடும் பக்கி போன்றவை அங்கே இருக்க வாய்ப்பு அதிகம். தோப்பு எதைத் தரவில்லை என்று இந்தக் கட்டம் சொல்லிவிடும்.

அப்புறம் ஒவ்வொரு பறவைக்கும் பக்கத்தில் இரண்டு குறிப்பு எழுதுங்கள்: என்ன சாப்பிடும், எங்கே கூடு கட்டும். இப்படிப் பிரித்தால் தோப்பில் காணாமல் போனவை தனித்தனியாக இல்லாமல் கூட்டம் கூட்டமாகப் போயிருப்பது தெரியும். பொந்தில் கூடு கட்டுபவை மொத்தமாக இல்லையா? பொந்து இல்லை. சருகில் மேய்பவை இல்லையா? படி 5-இல் எழுதிய தரைக் குறிப்பைப் பாருங்கள். பழம் தின்பவை இல்லையா? ஆல், அத்தி இனம் இல்லை. எல்லாம் பூச்சி பிடிப்பவையாகவும் தேன் குடிப்பவையாகவும் இருந்தால், அந்தத் தோப்பு சாப்பாட்டுக்கு வந்து போகிற இடம் மட்டுமே.

இன்னொன்று: தோப்பு எதற்குப் பக்கத்தில் இருக்கிறது? காட்டை ஒட்டிய தேக்குத் தோப்பில் காட்டுப் பறவைகள் வந்து போகும். அதையே ஊருக்கு நடுவில் வைத்தால் வராது. தோப்பில் பார்த்த பறவை தோப்பில் வாழ்கிறது என்று அர்த்தமில்லை. கூடு, குஞ்சு, இரை தூக்கிப் போகும் தாய், இவற்றில் ஏதாவது ஒன்றைப் பார்த்தால் மட்டுமே "வாழ்கிறது" என்று எழுதுங்கள்.

படி 7: தோப்புக்குத் தோப்பு வித்தியாசம்

தைலமரம், சவுக்கு, பைன், மூன்றும் கடைசி வரிசை. கொடைக்கானல் பைன் காட்டுக்குப் போகாதவர் மதுரையில் குறைவு. அடுத்த முறை போனால் போட்டோ எடுத்து முடித்த பிறகு பத்து நிமிஷம் காது கொடுங்கள். அப்புறம் சாலையோரச் சோலை ஒன்றின் பக்கத்தில் அதே பத்து நிமிஷம் நில்லுங்கள். விளக்கம் தேவைப்படாது. தைலமரம் பூக்கும்போது மட்டும் தேன்சிட்டுகள் வரும், அதை வைத்து ஏமாந்துவிட வேண்டாம்.

தேக்கு நம்ம நாட்டு மரம்தான். ஆனால் அது மட்டுமே வரிசையாக நிற்கும்போது கோடையில் மொத்தத் தோப்பும் ஒரே நேரத்தில் இலை கொட்டிவிடும். புது இலை வந்ததும் தேக்கு இலைப்புழு பெருகும். அந்தச் சில நாட்கள் கரிச்சானுக்கும் காக்கைக்கும் மைனாவுக்கும் விருந்து. மற்ற மாதங்களில் அமைதி.

மாந்தோப்பு, அதிலும் வயசான நாட்டு மாமரங்கள் நிற்கும் தோப்பு, நான் பார்த்த தோப்புகளில் காட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் வருவது. நத்தம், அழகர்கோவில் வட்டாரத்தில் அப்படிப்பட்டவை இன்னும் இருக்கின்றன. பொந்து, அடர்ந்த நிழல், பூவில் பூச்சி எல்லாம் உண்டு. மருந்து அடிப்பது கூடக் கூட அந்த நன்மை குறைந்துகொண்டே போகும். புதிதாக வரும் குட்டை ரக, நெருக்கி நட்ட தோப்பில் இதையெல்லாம் எதிர்பார்க்க முடியாது.

சிறுமலைக் காப்பியில் நிழல் மரம் என்ன என்று பாருங்கள். பழைய காட்டு மரங்களை விட்டுவைத்து அதன் கீழே காப்பி போட்டிருந்தால் காட்டுப் பறவைகளில் கணிசமானவை தங்கும். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் மட்டும் நின்றால் குறையும். மேற்குத் தொடர்ச்சி மலையில் நடந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதுதான்: நாட்டு நிழல்மரங்கள் உள்ள காப்பித் தோட்டம் பறவைகளுக்கு நல்லது, அதுவும் காட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. அப்படி இருந்தும் அடர்காட்டுக்கே உரிய சில பறவைகள் அங்கேயும் வருவதில்லை.

நட்ட மரம் பறவைக்கு வாழ்வு கொடுக்கும் இடமும் உண்டு. கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக் கருவேலம். 1977-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட, சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடியில் கண்மாய்க்குள் நிற்கும் மரங்களில்தான் நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் கொக்கும் கூடு கட்டுகின்றன. அந்தப் பறவைகளுக்காகவே பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. ஒரே இன மரமாக இருந்தும் அங்கே அது பொருந்துகிறது, ஏனென்றால் இரை தண்ணீரில் இருக்கிறது. மரம் உட்கார மட்டும்தான். சீமைக்கருவேலத்தை அகற்றும்போதும் கூடு இருக்கிற மரங்களைப் பார்த்து, குஞ்சு பறந்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக, நாட்டு மரங்கள் எழும்பிய பிறகு எடுக்க வேண்டும்.

படி 8: மரமே இல்லாத இடத்தையும் எண்ணுங்கள்

நாகமலை அடிவாரத்திலும் கீழக்குயில்குடிப் பக்கத்துப் பாறைச் சரிவிலும் மரம் குறைவு. வானம்பாடி, கவுதாரி, ஆள்காட்டி, பக்கி, காட்டுக்காடை, பஞ்சுருட்டான் போன்ற பறவைகளுக்கு அந்த மாதிரித் திறந்த நிலம்தான் வேண்டும். அங்கே மரத்தை நெருக்கி நட்டால் மைனாவும் சின்னானும் கூடும், இவை வெளியேறும். மரம் நட்டதால் பறவை பெருகியது என்று நாம் சந்தோஷப்படுவோம், வெளியேறியவை நம் கணக்கிலேயே இருக்காது. அதனால்தான் நடுவதற்கு முன்பு எண்ண வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்கிறேன்.

பழனி மலையில் இது பெரிய அளவில் நடந்துவிட்டது. சீகை மரமும் (வாட்டில்) தைலமரமும் பைனும் புல்வெளியில் நடப்பட்டன. அதனாலும் விவசாயத்தாலும் நாற்பது ஆண்டுகளில் அங்கிருந்த மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று 2018-இல் வந்த செயற்கைக்கோள் பட ஆய்வு காட்டியது. நீலகிரி நெட்டைக்காலி போன்ற பறவை உயரமான மலைப் புல்வெளியில் மட்டுமே வாழும். அதற்கு மரம் என்பது வீடு பறிபோவது. அதே மலையில் வயசான சீகைத் தோப்புகளுக்கு அடியில் சோலை மரக்கன்றுகள் தாமாக முளைத்து வருவதும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் எல்லாவற்றையும் ஒரே அடியாக வெட்டினால் அந்தக் கன்றுகளும் போகும்.

நம்ம மாவட்டத்திலேயே அரிட்டாபட்டியைப் பாருங்கள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் சுமார் 193 ஹெக்டேர் நிலம் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 250 பறவை இனங்கள் அங்கே பதிவாகியிருக்கின்றன. லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, போனெல்லிக் கழுகு மூன்றும் அதில் அடக்கம். அந்த நிலத்தில் இருப்பது பாறைக் குன்று, முள்புதர், சுனை, கண்மாய், வயல். நிழல் அடர்ந்த காடு என்று சொல்ல அங்கே அதிகம் இல்லை.

படி 9: கணக்கெடுத்தாயிற்று, இனி என்ன நடுவது?

உங்கள் மூன்றாவது கட்டத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் பறவைகளுக்கு எது குறைகிறதோ அதைச் சேர்ப்பதுதான் வேலை.

முதலில், நட வேண்டாத இடம் எது என்று முடிவு செய்யுங்கள். முள்புதரும் புல்லும் பாறையும் இருக்கிற இடத்தை அப்படியே விடுங்கள். வேலி போட்டு ஆடு, நெருப்பு இரண்டையும் கொஞ்ச காலம் தள்ளி வைத்தாலே பல இடங்களில் அடிவேரிலிருந்து உசிலும் வெப்பாலையும் தாமாக எழுந்துவிடும்.

நட வேண்டிய இடத்தில் குறைந்தது இருபது வகை வையுங்கள், அதில் மூன்றில் ஒரு பங்கு செடியும் புதரும் இருக்கட்டும். காரை, சூரை, இலந்தை, விராலி வைப்பதற்கு எந்த நர்சரியிலும் கன்று கேட்டால் சிரிப்பார்கள். பக்கத்துக் குன்றிலோ வரப்பிலோ விதை பொறுக்கி நீங்களே பையில் போடுங்கள், காப்புக்காட்டிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். ஆல், அரசு, இச்சிக்குப் போத்து, அதாவது வெட்டிய கிளை, நட்டாலே போதும், கை கனத்தில் ஆறடி போத்தாக இருந்தால் ஆடு எட்டாது. நாவல், இலுப்பை, மஞ்சநத்தி, உதிர்ந்த சருகு சீக்கிரம் மக்கும் புங்கன், தேன்சிட்டுக்கு முள்முருங்கை. கண்மாய் உள்ளே என்றால் நாட்டுக் கருவேலம், கரையில் பனையும் மருதமும்.

வரிசை பிடிக்காதீர்கள். சில இடத்தில் நெருக்கமாக, சில இடத்தில் வெறும் தரையாக விட்டு நடுங்கள். காய்ந்த மரம், மொட்டைப் பனை, உளுத்த கிளை யார் தலையிலும் விழாத இடத்தில் இருந்தால் நிற்கட்டும். சருகைக் கூட்டாதீர்கள். தோப்பைச் "சுத்தம்" பண்ணுகிற பழக்கத்தை நிறுத்த வைப்பதுதான் இதில் கஷ்டமான வேலை. பாம்பு வரும் என்று ஊரில் சொல்வார்கள். நடைபாதையை மட்டும் அகலமாகச் சுத்தமாக வைத்து, உள்பக்கத்தை விட்டுவிடலாம் என்று பேசிப் பாருங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

ஏற்கெனவே தைலமரமோ தேக்கோ வைத்திருக்கிற விவசாயியிடம் போய் எல்லாவற்றையும் வெட்டச் சொல்வதில் பயனில்லை. அது அவர் வருமானம். வரப்பிலும் ஓடைக்கரையிலும் ஒரு பட்டை அகலத்துக்கு நாட்டு மரமும் புதரும் விடச் சொல்லுங்கள். வெட்டும்போது தோப்பு முழுவதையும் ஒரே வருஷத்தில் வெட்டாமல் பகுதி பகுதியாக வெட்டச் சொல்லுங்கள். வேலியோரத்தில் ஒரு பழைய மரத்தை மட்டும் வெட்டாமல் விடச் சொல்லுங்கள். இந்த மூன்றுக்கும் அவருக்குப் பெரிய நஷ்டம் கிடையாது.

ஐப்பசி மழைக்கு முன்னால் குழி தோண்டி, மழை பிடித்ததும் நடுங்கள். கன்று வைக்கும் முன்பு அந்த இடத்தில் படி 4-இன்படி ஒரு முழுக் கணக்கெடுப்பு முடித்திருக்க வேண்டும், நாள், நேரம், புள்ளிகளின் இருப்பிடம் எல்லாம் எழுதி. போனில் இடத்தைக் குறித்து வைப்பதோடு, அங்கே நிற்கும் ஒரு பாறையையோ பழைய மரத்தையோ அடையாளமாக நோட்டிலும் எழுதுங்கள். ஒவ்வொரு தை மாதமும் ஒவ்வொரு வைகாசியும் அதே புள்ளிகளில், அதே பத்து நிமிஷம். எண்ணுகிறவர் மாறினால் புதியவரும் பழையவரும் ஒரு காலை சேர்ந்து எண்ணி, இரண்டு பேர் பட்டியலும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகு நோட்டைக் கைமாற்றுங்கள்.